கண்ணாடிக்குள் நின்ற ஆடு

ஜாலான் புசாரில் எனக்கு ஒரு கடை இருந்தது. படங்களுக்குச் சட்டம் போடுவதும், முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி விற்பதும் தொழில். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைக்கு வந்தவர்கள் வாயிலிருந்துதான். யாராவது மனசில் நிற்கிற மாதிரி ஒன்று சொன்னால், படத்துக்குப் பின்னால் வைக்கிற அட்டையில் பென்சிலால் எழுதிவிடுவேன். அட்டை உள்ளே போய்விடும், படம் மேலே வந்துவிடும். இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அடுத்தவர் பேச்சு ஒளிந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. என் லாத்தா, அதாவது கூடப் பிறந்த அக்கா, தேக்காவில் ஒரு தையல்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் மச்சான், சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு தடவை அவர் போன கப்பல் நடுக்கடலில் இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் சேதி இல்லை. லாத்தா அழவில்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. தையல் மிஷினை மிதித்தபடியே நேர்ச்சை வைத்துவிட்டாள்: மனுஷன் முழுசாகத் திரும்பி வந்தால், வருகிற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு ஆடு குர்பானி.

மச்சான் முழுசாகத் திரும்பி வந்தார். கொஞ்சம் கூடுதலாகவே வந்தார், தொப்பை போட்டிருந்தது.

நேர்ச்சை ஆட்டுக்கு எங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நேர்ந்தவர் வீட்டில் அந்தக் கறியைத் தொடக் கூடாது. அத்தனையும் இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். இதைக் கேட்டதிலிருந்து மச்சானுக்கு மனசு ஆறவில்லை. என்னையும் அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"என் உயிருக்குத்தானே ஆடு வாங்குறா. எனக்கு ஒரு எலும்புகூட கிடையாதாம் மச்சான். நியாயமா சொல்லுங்க."

"ஆண்டவன் உங்களைத்தான் முழுசா குடுத்துட்டானே. அப்புறம் எலும்பு எதுக்கு?" என்றாள் லாத்தா.

ஆட்டுக்கும் இலக்கணம் இருக்கிறது. வெள்ளாடு என்றால் இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். கண் தெரிய வேண்டும், காது முழுசாக இருக்க வேண்டும், நொண்டக் கூடாது. அப்படி ஒரு ஆட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பெருநாள் ஆட்டுக்கு ஏஜண்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார்.

வெள்ளை பாஜு சட்டை, தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி, மெல்லிய அத்தர் வாசம். பேச்சு அவ்வளவு மெதுவாக இருக்கும், அவர் பேசும்போது நான் கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். கையில் ஒரு போட்டோ ஆல்பம். கல்யாண ஆல்பம் மாதிரி, பக்கத்துக்கு ஒரு ஆடு. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு நம்பர். ஒரு மனிதர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். அவருடைய கழுத்துக்கு மேலே படத்தில் இருக்காது.

"பெருநாளைக்கு வர்ற ஆடுங்க நானா. பிடிச்சதைப் பாத்து நிய்யத்து வச்சிருங்க. உங்க பேரை எழுதிடுவேன். முதல்நாள் பள்ளிவாசலுக்கே வந்து இறங்கிடும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை விழவைத்தது அந்த மனிதருடைய பேச்சு இல்லை, போட்டோக்கள்தான். காலை வெயிலில் எடுத்தவை. ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மங்கலான குடும்பப் படங்களையே நாள் முழுக்கச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, இவ்வளவு நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர் மோசமான ஆளாக இருப்பாரா என்று தோன்றிவிட்டது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடம் நானே எடுத்துச் சொன்னேன். "தைரியமா வாங்குங்க. நான் பொறுப்பு" என்றேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அப்புறம் எத்தனை நாள் மென்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆட்டை நேரில் பார்க்கலாமா என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? வேறு எதை வாங்கினாலும் நாங்கள் அப்படி விடுகிற ஆட்கள் இல்லை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் தேக்கா மார்க்கெட்டில் யாரும் வாங்கியதில்லை. ஆனால் இது குர்பானி. நிய்யத்து வைத்த பிறகு, அதாவது இதைத்தான் கொடுப்பேன் என்று மனசில் உறுதி செய்த பிறகு, ஆட்டைப் புரட்டிப் பார்ப்பதும், பேரம் பேசுவதும், இது வேண்டாம் அது கொடு என்பதும் மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம் எங்களுக்குள் ஊறிக் கிடந்தது. மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நாங்களாகவே வைத்துக்கொண்ட கூச்சம் அது. அந்த ஆள் அதைத் தெரிந்துதான் ஆட்டைக் காட்டுவதற்கு முன்னால் நிய்யத்தைக் கேட்டார்.

லாத்தா ஏழாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தாள். செம்பழுப்பு ஆடு. முன்னங்கால் ஒன்றில் மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி முட்டிவரை வெள்ளை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஏஜண்ட் அந்தப் போட்டோவையே ரசீதாகக் கொடுத்தார். மறுநாள் லாத்தா அதை என் மேஜையில் வைத்து, "இதுக்கு ஒரு சட்டம் போட்டுக் குடு தம்பி" என்றாள்.

மச்சான் கூடவே வந்திருந்தார். "பாருங்க மச்சான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் போட்டோ ஒண்ணுகூட அந்த வீட்டுச் சுவத்துல ஏறல. ஆடு ஏறுது."

"நீங்க கப்பல் ஏறுனது போதும், சுவத்துல வேற ஏறணுமா?"

அடுத்த கடைவரிசையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த பாய் இதைக் கேள்விப்பட்டு, தன் ரசீதையும் சட்டம் போடக் கொண்டுவந்தார். அவருடையது பதினைந்தாம் நம்பர். பெருநாள் வரைக்கும் கடையில் மாட்டி வைப்பாராம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு எடுத்தேன். பாயுடைய ஆட்டுக்கும் ஒரு காலில் வெள்ளைச் சாக்ஸ். அண்ணன் தம்பி போல என்று நினைத்துக்கொண்டேன். லாத்தாவின் ஆடு வலது பக்கம் பார்த்து நின்றது, பாயின் ஆடு இடது பக்கம். கத்தியை எடுத்தபோது கண் ஆட்டை விட்டு, கயிறு பிடித்த மனிதருடைய சட்டைக்குப் போனது. பாயின் படத்தில் சட்டைப்பை இடது மார்பில் இருந்தது, ஒரு பேனாவும் செருகியிருந்தது. லாத்தாவின் படத்திலும் பை இருந்தது, பேனாவும் இருந்தது. ஆனால் வலது மார்பில்.

ஆண்கள் சட்டைக்கு வலது பக்கம் பை வைத்துத் தைக்கிற தையல்காரரை நான் பார்த்ததில்லை. தையல்காரியின் தம்பி நான்.

கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமா. ஒரு துண்டை எடுத்து, லாத்தாவின் படத்துக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் ஆடு திரும்பி நின்றது. வெள்ளைக் கால் இடம் மாறியது. சட்டைப்பை இருக்க வேண்டிய பக்கத்துக்கு வந்தது. கண்ணாடிக்குள் தெரிந்ததும் மேஜையில் கிடந்த பாயின் படமும் ஒன்றுதான், வேலியில் தொங்கிய கிழிசல் சாக்குவரை.

ஒரே ஆடு. ஒரே போட்டோ. பிலிமைத் திருப்பிப் போட்டு இன்னொன்று அடித்திருக்கிறார்கள். அதிலும் நேரான படம் பாய்க்குப் போயிருக்கிறது. என் லாத்தா நேர்ச்சை வைத்தது கண்ணாடிக்குள் நிற்கிற ஆட்டின் மேல்.

பெருநாளைக்கு மூன்று வாரம் இருந்தது. பெருநாள் முடிந்த கையோடு மச்சான் மறுபடி கப்பலேற வேண்டும். நேர்ச்சையைத் தீர்க்காமல் அவரை அனுப்ப லாத்தா ஒத்துக்கொள்ள மாட்டாள். மச்சானிடம் முதலில் சொன்னேன். "அவகிட்ட சொல்லாதீங்க மச்சான், ஒடைஞ்சு போயிடுவா" என்றார். அவர் முகத்தைப் பார்த்தே அவள் அன்றைக்குச் சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டாள். கடைக்கு வந்து கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் ஆடு எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். "என் கண்ணால தெரியணும். அதுவரைக்கும் விடப்போறதில்ல."

அதை அன்றே ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்.

ஏஜண்ட் வந்தபோது நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஆட்டைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஆடெல்லாம் இப்ப கொரண்டீன்ல இருக்கு நானா. நோய் இருக்கான்னு பாக்குற இடம். வெளியாளை விடவே மாட்டாங்க. கவர்மெண்ட்டு ரூல் லா."

நல்ல பதில். இந்த ஊரில் ரூல் என்று சொன்னால் பாதிப் பேர் அப்படியே நின்றுவிடுவோம். லாத்தா நிற்கவில்லை. தைத்து மிஞ்சிய பச்சைத் துணியிலிருந்து ஒரு நீளத் துண்டு கிழித்தாள். ஓரத்தில் தன் கையாலேயே சிவப்பு நூலில் மூன்று தையல் போட்டு ஏஜண்டிடம் நீட்டினாள்.

"உள்ள வேலை பாக்குறவங்க இருப்பாங்கல்ல தம்பி. இதை என் ஆட்டுக் கழுத்துல கட்டி, ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. போட்டோ எடுக்குறதுதான் உங்களுக்கு நல்லா வருதே."

அவர் சிரித்தபடி துணியை வாங்கிக்கொண்டார். அவர் போனதும் நான் பொதுத் தொலைபேசிக்குப் போய், கால்நடை விஷயம் பார்க்கிற அலுவலகத்துக்குப் பேசினேன். என் ஆங்கிலமும் மலாயும் கடையில் பொறுக்கியவை. அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பொறுமைசாலி. பெருநாள் ஆடுகள் பெருநாள் வாரத்தில்தான் வரும், இப்போது உள்ளே ஒரு ஆடும் இல்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னார்.

அதற்கப்புறம் நான் வீடு வீடாக ஏறினேன். யாரிடமெல்லாம் நான் பொறுப்பு என்றேனோ அவர்கள் எல்லோரிடமும் போய், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ரசீதுப் போட்டோவோடு கடைக்கு வாருங்கள் என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். "குர்பானி விஷயத்துல சந்தேகப்படலாமா நானா?" என்று ஒருவர் கேட்டார். "சந்தேகம் நிய்யத்து மேல இல்ல, ஆட்டு மேலதான்" என்றேன். ஏஜண்டுக்கும் சொல்லி அனுப்பினேன், புதிதாக ஆடு கேட்கிறவர்கள் வருகிறார்கள் என்று. அது பொய். அந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே பொய் என்று சொல்ல ஆசைதான்.

வெள்ளிக்கிழமை பத்தொன்பது போட்டோ வந்தது. எல்லாவற்றையும் சுவரில் குத்தினேன். ஒன்றுக்குப் பக்கத்தில் அதன் திரும்பிய ஜோடியை வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் சுவரில் இருந்தது பத்தே ஆடு.

ஏஜண்ட் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். வாசலில் மச்சான் தொப்பையோடு நின்றுகொண்டார். அந்தத் தொப்பைக்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்தது.

"பச்சைத் துணி போட்டோ வந்துச்சா தம்பி?" என்று அவரிடம் கேட்டாள் லாத்தா.

"கட்டியாச்சு லாத்தா. போட்டோ கழுவக் குடுத்திருக்கேன்."

"இது ரெண்டும் ஒரே ஆடு மாதிரி இருக்கே" என்று ஏழையும் பதினைந்தையும் காட்டினேன்.

அவர் அசரவில்லை. "ரெட்டைக்குட்டி நானா. ஒரே ஈத்துல பொறந்தது. அப்படித்தான் இருக்கும்."

யாரோ "ஓ" என்றார்கள். ஒரு நொடி கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. அப்போது முடிதிருத்துகிற பாய் மெதுவாகக் கேட்டார்.

"ஆடு ரெட்டை, சரி. அந்தச் சட்டையும் ரெட்டைக்குட்டியா? ஒண்ணுக்குப் பை இந்தப் பக்கம், ஒண்ணுக்கு அந்தப் பக்கம்?"

நான் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு ஜோடியாகக் காட்டினேன். கூட்டத்தில் ஆண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"நாள் பூரா கண்ணாடியிலயே பொழைக்கிறவன் நான். எனக்கே தெரியலயே" என்றார் பாய். பிறகு ஏஜண்டைப் பார்த்து, "உன் ரூமுக்குப் போவோம் வா" என்றார்.

அவர் தங்கியிருந்த வாடகை அறை நடக்கிற தூரம்தான். இரண்டு பெட்டி. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் நெகட்டிவும் போட்டோவும், வேறு ஊர்களுக்கான ஆல்பங்களும். அவற்றின் மேல், மடித்தது மடித்தபடி, லாத்தாவின் பச்சைத் துணி. மூன்று சிவப்புத் தையல். ஜோகூரில் ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி எடுத்த படங்களாம், அந்த ஆடுகள் எப்போதோ விற்றுப் போய்விட்டனவாம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். பணம் பாதிக்கு மேல் திரும்பி வந்தது, மிச்சம் வரவில்லை. நான் பொறுப்பு என்று சொன்ன வாய்க்காக, அடுத்த ஒரு வருஷம் அந்த வீடுகளின் படங்களுக்கெல்லாம் கூலியில்லாமல் சட்டம் போட்டேன்.

லாத்தா தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள். "பேசுனது போதும். ஆடு எங்க இருக்குன்னு பாரு" என்றாள். பெருநாளைக்குப் பதினோரு நாள் இருந்தது.

பொங்கோலில் ஒரு தமிழ் அம்மா பால் ஆடு வளர்க்கிறார், கிடா இருந்தால் விற்பார் என்று பாயின் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். அப்போது பொங்கோல் என்றால் பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை, அதற்கப்புறம் கடல். பஸ் உள்ளே போகப் போக மச்சான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. "கப்பல்ல புயலைக்கூட தாங்கிட்டேன்" என்று அதற்குள்ளிருந்தே முனகினார்.

அந்த அம்மா கழுத்தில் மாதா பதக்கம் போட்டிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தழை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோ பாத்து ஆடு வாங்குனீங்களா" என்றார். அது போதுமாக இருந்தது.

கொண்டுவந்து நிறுத்திய கிடா அழகே இல்லை. சாம்பல் நிறம். ஒரு கொம்பு நேராக, இன்னொன்று கோணலாக. எந்த ஆல்பத்திலும் இதைப் போட மாட்டார்கள்.

"வயசு?" என்றாள் லாத்தா.

"நான் ஏன் சொல்லணும் அக்கா? நான் சொன்னா நம்பிடுவீங்க. நீங்களே வாயைத் திறந்து பாருங்க. கடிக்காது. கடிச்சா பல்லு நல்லாயிருக்குன்னு அர்த்தம்."

லாத்தா உதட்டைத் தூக்கினாள். மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஏமாந்த வீட்டு மனிதர் இல்லையா, சந்தேகம் பொங்கிவிட்டது. "மேல முன்பல்லே இல்லியே. கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடப் பாக்குறீங்களா?"

அந்த அம்மா தழையைக் கீழே போட்டார். "எந்த ஆட்டுக்கும் மேல முன்பல் கிடையாது கப்பல்காரரே. இத்தனை ஆடு சமைச்சிருக்கீங்க, ஒண்ணோட வாயையாவது பாத்ததில்லயா?"

"எனக்கு வரும்போது அது கறியாத்தான் வரும்" என்றார் மச்சான்.

கீழ்வரிசையில் நடுவில் நான்கு பெரிய பல், இரண்டு பக்கமும் சின்னப் பால்பற்கள். நான்கு பெரிய பல் வந்திருந்தால் இரண்டு வயது நிறைந்துவிட்டது என்று அவர் காட்டினார். அவர் சொன்னதோடு விடாமல், பக்கத்தில் நின்ற ஒரு குட்டியின் வாயையும், ஒரு தாய் ஆட்டின் வாயையும் லாத்தா திறந்து பார்த்து ஒப்பிட்டாள். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள். இரண்டு காதையும் துணி தடவுகிற மாதிரி நுனிவரை விரலால் தடவினாள். கயிற்றை என்னிடம் கொடுத்து, சாலைவரைக்கும் நடத்திக் கூட்டிவரச் சொன்னாள். பின்னாலேயே வந்து நான்கு காலையும் பார்த்தாள். வெட்கமே படவில்லை. நாங்கள் எல்லோரும் பட்ட வெட்கத்துக்கும் சேர்த்து அன்றைக்கு அவள் பார்த்தாள்.

"இப்ப முடிவு சொல்ல மாட்டேன்மா. சொல்லாம கொள்ளாம இன்னொரு நாள் வந்து பாப்பேன்."

"சொல்லாமத்தான் வாங்க. சொல்லிட்டு வந்தா நான் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு நிறுத்தியிருக்கேன்னு நினைப்பீங்க."

மறுநாளே போனாள், மழையில். ஆடு தின்றுகொண்டிருந்தது, நடந்தது, இருமவில்லை. அதற்கப்புறம்தான் நிய்யத்து வைத்தாள், ஆட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு. பணத்தைக் கொடுத்து, பச்சைத் துணியைக் கோணல் கொம்புக்குக் கீழே கழுத்தில் கட்டினாள். அடுக்குமாடி வீட்டில் ஆடு கட்ட முடியாது, அதனால் அது பொங்கோலிலேயே இருந்தது. பெருநாள்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவந்தாள். மூன்றாவது தடவை ஆடு அவளைக் கண்டதும் எழுந்து நின்றதாம்.

பெருநாள் காலையில் ஒரு காய்கறி லாரியில் ஆட்டை ஏற்றிப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தோம். லாத்தா மறுபடி ஒருமுறை பல்லைப் பார்த்தாள். "பொங்கோல்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள பல்லு மாறிடுமா?" என்று மச்சான் கேட்டார். அவள் துணியின் மூன்று தையலையும் விரலால் எண்ணிவிட்டு, அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு கயிற்றை மச்சானிடம் கொடுத்தாள். அத்தனை நாள் கிண்டல் பேசிய மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டின் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம்வரை பொட்டலம் பொட்டலமாகக் கறியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். மாடி ஏறி இறங்கி, வேர்த்து ஊற்றி, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். லாத்தா அவருக்குப் பருப்பும் முட்டையும் வைத்தாள். தட்டைக் காலி செய்தார். அடுத்த வாரம் கப்பலேறினார்.

போவதற்கு முன்னால் கடைக்கு வந்து ஒரு போட்டோவைக் கொடுத்தார். பள்ளிவாசல் வாசலில் பாயின் கேமராவில் எடுத்தது, கொஞ்சம் கலங்கல்தான். மச்சானும், கையில் கயிறும், கோணல் கொம்பும். "இப்பவாவது நான் சுவத்துல ஏறுறேன், ஆட்டைச் சாக்கு வச்சு" என்றார். அதற்குச் சட்டம் போட்டேன். கண்ணாடியை மூடுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் படத்தில் மச்சானுடைய சட்டைப்பையைப் பார்த்தேன். இடது பக்கம்தான் இருந்தது. பின்னால் வைக்க அட்டை தேடியபோது, "என் கண்ணால தெரியணும்" என்று லாத்தா சொன்னதை எழுதி வைத்திருந்த அந்த அட்டைதான் கையில் வந்தது. அதையே வைத்து ஆணி அடித்தேன்.